கார் ஆலைக்குத் தீர்மானம் போடுவதற்கு முன்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள ஒரு நகராட்சியில் நகர்மன்ற உறுப்பினராக இருக்கிறேன். என் வார்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். கடன் புரட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூர் போகிறார்கள். திருவிழா சமயத்தில்தான் தெருவில் இளவட்டங்களைப் பார்க்க முடிகிறது. ஊருக்குப் புதிய தொழில்கள் வர வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு எழுந்தது. கார் ஆலை ஒன்றை இங்கே கொண்டுவரச் சொல்லி அரசுக்குத் தீர்மானம் அனுப்பலாம் என்றார் ஒருவர். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு மூன்று வருடம் சொத்து வரி கிடையாது என்று அறிவிக்கலாம் என்றார் இன்னொருவர். பேருந்து நிலைய மாடியில் கட்டிய கடைகளே ஏலம் போகாமல் பூட்டிக் கிடக்கின்றன, முதலில் அதைப் பாருங்கள் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் சத்தம் போட்டார். அலுவலகத்தில் கேட்டால், இது நகராட்சியின் வேலையே இல்லை, தொழில் துறை பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். எங்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்? எங்கிருந்து தொடங்குவது?

— நகர்மன்ற உறுப்பினர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, அலுவலகத்தில் உங்களுக்குச் சொன்ன பதில் தவறு. அதை முதலில் தீர்த்துவிடுவோம். நகராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து தந்த 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனுடன் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க 18 பணிகளைச் சொல்கிறது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றோடு, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக வளர்ச்சிக்கும் திட்டமிடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் இதில் எவ்வளவை உண்மையாக விட்டுக்கொடுத்தன என்பது நெடுநாள் வழக்கு. ஆனாலும் உங்கள் மன்றத்தில் இதைப் பேசவும் தீர்மானம் போடவும் யாருடைய தயவும் உங்களுக்கு வேண்டியதில்லை.

பெரிய நிலப்பரப்பைக் கையகப்படுத்தி ஆலைகளுக்கு ஒதுக்குவது 1971-லிருந்து சிப்காட்டின் வேலை. சிறு தொழில்களுக்கான பேட்டைகள் சிட்கோவின் பொறுப்பு. மானியக் கடன்கள் மாவட்டத் தொழில் மையம் வழியாக வருகின்றன. உங்கள் கையில் இருப்பவை கட்டட அனுமதி, தொழில் உரிமம், சொத்து வரி, தண்ணீர் இணைப்பு, சாக்கடை, சாலை, சந்தை, நகராட்சிக் கடைகள். கேட்கச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் தொழில் நடத்துபவர் தினமும் முட்டிக்கொள்வது இவற்றோடுதான். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போன பிறகு, இருபது வருடம் அந்த ஆலையின் வாசலில் சாலையும் வடிகாலும் எப்படி இருக்கும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கார் ஆலை யோசனையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் வளாகம் சுமார் 535 ஏக்கர். அது அங்கே வந்ததற்குச் சென்னைத் துறைமுகமும், தேசிய நெடுஞ்சாலையும், அம்பத்தூரிலும் பாடியிலும் அதற்கு முன்பே முப்பது நாற்பது வருடமாக உதிரி பாகம் செய்துவந்த பட்டறைகளும் காரணம். உங்கள் ஊரைச் சுற்றி அந்த அளவுக்கு ஒரே பரப்பாக நிலம் வேண்டுமென்றால் நஞ்சையைத்தான் தொட வேண்டும். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உங்கள் மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும். தோல் பதனிடும் ஆலை, தாமிரம், துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்புத் தாது ஆலை, எண்ணெய், எரிவாயு எடுப்பு, கப்பல் உடைப்பு போன்றவற்றை அது புதிதாக அனுமதிக்காது. கார் ஆலை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லித் தடுக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் சட்டத்தின் நோக்கத்தை மதித்தால், மூன்று போகம் கண்ட மண்ணில் அதைக் கேட்க மனம் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரே பெரிய ஆலையை நம்பி ஊர் நிற்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் வேலை தந்தது. வரி வழக்கும் அந்த நிறுவனத்தின் உலகளாவிய சரிவும் சேர்ந்து 2014 நவம்பரில் அதை மூடவைத்தன. வேலை போனவர்கள் போக, அவர்களை ஏற்றிவந்த வேன்காரர்கள், தங்கவைத்த வீட்டுக்காரர்கள், சோறு போட்ட மெஸ்காரர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. அதற்குப் பிறகு அந்த வட்டாரம் எழுந்து நின்றது என்றால், அக்கம்பக்கத்தில் வேறு பல தொழில்கள் இருந்ததால்தான். உங்கள் ஊருக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது.

சொத்து வரி விலக்கு பற்றி. சட்டம் சொல்லும் விலக்குகளைத் தாண்டி, நகர்மன்றம் தானே ஒரு தொழிலுக்கு வரியைத் தள்ளிவிட முடியாது, அரசின் ஆணை வேண்டும். ஆணை கிடைத்தாலும் பலன் குறைவு. கூலி, மின்சாரம், வாடகை, வட்டி இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு சிறு ஆலைக்குச் சொத்து வரி மிகச் சிறிய செலவு. அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்துவதற்காக யாரும் ஊர் மாறி வருவதில்லை. உங்களுக்கோ அது பெரிய இழப்பு. தொழில் வளர்ந்தால் வரும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. உங்களுக்கு நேராக வருவது சொத்து வரியும், ஊழியர்களின் தொழில் வரியும்தான். தொழில் வரிக்கு அரசியல் சட்டமே ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு கட்டியிருக்கிறது. 500 பேர் வேலை செய்யும் ஆலையில் அத்தனை பேரும் உச்ச அளவில் கட்டினாலும் வருடத்துக்குப் பன்னிரண்டரை லட்சம்தான் தேறும். அந்தப் பணத்தில்தான் அவர்களுடைய தண்ணீர், சாக்கடை, குப்பை, லாரி ஓடித் தேய்ந்த சாலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சொத்து வரியையும் விட்டுவிட்டால் சாலை போடக் காசு ஏது?

இனி எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. ஊரில் ஏற்கெனவே தொழில் நடத்துபவர்களிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் நகராட்சியின் தொழில் உரிமப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, தென்னை நார்ப் பட்டறை, வெல்டிங் பட்டறை, அச்சகம், பேக்கரி, மரக்கடை, பாத்திரப் பட்டறை, தையல் கூடம் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். இவர்களில் ஐந்து பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர்களை மட்டும் தனியே பிரித்தால், பெரும்பாலான நகராட்சிகளில் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொண்டு சில வாரங்களில் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய எண்ணிக்கைதான் வரும்.

போனால் வாழ்த்துச் சொல்லிவிட்டு டீ குடித்துத் திரும்பாதீர்கள். இன்னும் பத்துப் பேரை வேலைக்கு வைக்க உங்களுக்கு எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். வரும் பதில்கள் ஏறக்குறைய எனக்குத் தெரியும். சந்து குறுகல், லாரி திரும்பவில்லை, அதனால் சரக்கை ஆட்டோவில் மாற்றி ஏற்றிக் கூலி கொடுக்கிறோம் என்பார் ஒருவர். பின்னால் ஒரு கொட்டகை போட்டு இயந்திரம் வைக்க வேண்டும், அந்த இடம் விவசாய நிலம் என்று இருப்பதால் அனுமதி கிடைக்கவில்லை என்பார் மற்றொருவர். மின் சுமையைக் கூட்ட விண்ணப்பித்து மாதக்கணக்காகிறது என்பார்கள். மழை வந்தால் குடோனில் தண்ணீர் என்பார்கள். வேலைக்கு ஆள் இல்லை என்பார்கள், அதே தெருவில் வேலை இல்லாத பிள்ளை உட்கார்ந்திருக்கும். இந்தப் பதில்களை எழுதிவாருங்கள். பாதியை நகராட்சியே தீர்க்கலாம். மின்வாரியத்துக்கும் தொழில் மையத்துக்கும் உரியதை ஆணையர் கையெழுத்தோடு அனுப்பிவைக்கலாம்.

ஏன் இவர்களிடம் முதலில் போகச் சொல்கிறேன் என்றால், இவர்கள் ஊரை விட்டுப் போக விரும்பாதவர்கள். வீடு, கோயில், சொந்தம் எல்லாம் இங்கே. வெளியூரிலிருந்து முதலீடு செய்ய வருபவரும், உங்கள் விளம்பரத்தைப் படித்து முடிவெடுக்க மாட்டார். உள்ளூர் ஆலைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, இங்கே அலுவலகம் எப்படி, ஆட்கள் எப்படி என்று தனியே விசாரிப்பார். அவர் சொல்லும் பதில்தான் உங்கள் ஊரைப் பற்றிய அறிக்கை.

சிவகாசியை எண்ணிப் பாருங்கள். மழை குறைந்த, விவசாயம் சரியாக நடக்காத ஊர் அது. அங்கே யாரும் வந்து ஆலை கட்டித் தரவில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், அவற்றுக்கு லேபிள் அடிப்பதிலிருந்து அச்சுத் தொழிலும் வளர்ந்தன. உங்கள் வார்டுப் பிள்ளைகளும் அப்படி வெளியே போய்க் கற்றுக்கொண்டிருப்பவர்கள்தானே? திருப்பூரில் பத்து வருடம் இருந்தவருக்கு எந்த பையர் எப்போது பணம் தருவார், எந்தத் தையல் எங்கே பிரியும் என்பது அத்துபடி. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் அங்கே பாதுகாப்புப் பயிற்சி பெற்றுச் சான்றிதழோடு வருகிறார்கள். திரும்பி வந்தவர்கள் பலர் ஒரு வீட்டையும் கட்டி, கடையும் வைத்து, சேமிப்பைக் கரைத்துவிட்டு மறுபடி விமானம் ஏறுகிறார்கள் என்பது நம் பகுதியின் நெடுநாள் துயரம். திருவிழாவுக்கு அவர்கள் வரும்போது நகராட்சி மண்டபத்தில் ஒரு மாலை கூட்டுங்கள். தொழில் மைய மேலாளரையும் ஒரு வங்கி மேலாளரையும் உட்கார வையுங்கள். திருப்பூர் நிறுவனங்கள் சில, ஆள் பற்றாக்குறையால், தொழிலாளர்கள் வரும் மாவட்டங்களிலேயே தையல் பிரிவு திறந்திருக்கின்றன. வெட்டிய துணியைத் தைத்து அனுப்பும் வேலைக்குச் சாயக்கழிவு கிடையாது. நல்ல கூடமும் மும்முனை மின்சாரமும் ஆளும் போதும். உங்கள் ஊரிலிருந்து போய் அங்கே சூப்பர்வைசராக இருப்பவரை விடச் சிறந்த தூதர் யார்?

சாயக்கழிவு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. திருப்பூர்த் தொழிலுக்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டியிருந்தது. பவானி அருகே எடுத்து, நாளுக்குச் சுமார் 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் அளவுக்குத் திட்டமிட்டுக் குழாய் போட்டார்கள். உள்ளே வந்த தண்ணீரைப் பற்றி எடுத்த அக்கறையை வெளியே போன தண்ணீரைப் பற்றி எடுக்கவில்லை. சாயநீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமானது. கீழே இருந்த ஈரோடு, கரூர் மாவட்ட விவசாயிகள், எங்களுக்கு அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று நீதிமன்றம் போக நேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வருடம் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கடைமடைக்காரர்களாகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவன் செய்வது எல்லாம் கீழே வந்து சேரும். ஆகவே எந்தத் தொழில் வந்தாலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்றவற்றில் எந்த வகையில் வைத்திருக்கிறது, கழிவுநீர் எந்த வாய்க்காலில் முடியும் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் மன்றத்தில் கை தூக்காதீர்கள். உள்ளூர்த் தொழிலானாலும் இதே விதிதான். தென்னை நார்க்கழிவை அலசும் நீர் பழுப்பாகவும் உப்பாகவும் கிணறுகளில் இறங்கக்கூடியது. கஜா புயலில் லட்சக்கணக்கான தென்னைகளை இழந்தும் அந்தத் தொழிலை விடாமல் நடத்துபவர்களை நான் மதிக்கிறேன். அதனாலேயே அவர்கள் நீரைச் சுத்திகரிக்கவும் திரும்பப் பயன்படுத்தவும் நகராட்சி கூட நின்று உதவ வேண்டும் என்கிறேன்.

அடுத்து உங்கள் அலுவலகம். தொழில் அனுமதிகளை எளிமையாக்க 2018-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒற்றைச் சாளர இணையதளமும் இயங்குகிறது. நகராட்சிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரே சட்டமும் ஒரே விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் விண்ணப்பித்தவர் கவுண்டருக்கு வந்தால், சார் சைட்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்ற பதில் பல ஊர்களில் இன்னும் மாறவில்லை. அந்த நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டு அலுத்துத்தான் இடைத்தரகரிடம் போகிறார்கள். சென்ற ஆண்டில் வந்த கட்டட அனுமதி, தொழில் உரிமம், குடிநீர் இணைப்பு விண்ணப்பங்கள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆனது, நிலுவையில் இருப்பவை ஏன் நிற்கின்றன என்று அடுத்த கூட்டத்தில் கணக்குக் கேளுங்கள். உறுப்பினர் என்ற முறையில் அது உங்கள் உரிமை. அந்தக் கணக்கை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டவைத்தாலே வேகம் கூடும். இடையில் நின்று கை நீட்டுபவர்கள் உங்கள் கட்சிக்காரர்களாகவே இருந்தாலும் நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். வேறு எந்தச் சலுகையையும் விட இது தொழில்காரர்களின் மனத்தை உங்கள் பக்கம் திருப்பும்.

நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்தச் சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில் என்று நகர ஊரமைப்புத் துறையின் முழுமைத் திட்டம் வரையறுக்கிறது. பல ஊர்களில் அது எப்போதோ போட்டது. பட்டறைகள் தெருவெல்லாம் இருக்கும், வரைபடத்தில் தொழிலுக்கு ஓரமாக ஒரு துண்டுதான் ஒதுக்கியிருக்கும். திட்டம் திருத்தப்படும் சமயத்தில் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்டு அறிவிப்பு வரும். அப்போது மன்றம் ஒருமித்து எழுதிக் கொடுத்தால் மதிப்புண்டு. எந்த நிலத்தைத் தொழிலுக்குக் கேட்கிறீர்களோ அது நஞ்சையாகவோ வடிகால் போகும் தாழ்வாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேருந்து நிலைய மாடிக் கடைகளுக்கு வருகிறேன். உங்கள் எதிர்க்கட்சி உறுப்பினர் சொன்னது நியாயம். மாடிக் கடைகள் ஏலம் போகாததற்கு ஊருக்கு ஊர் ஒரே காரணங்கள்தான். பயணி பை தூக்கிக்கொண்டு படியேறி வர மாட்டார். முன்வைப்புத் தொகையும் வாடகையும் கீழ்த்தளத்துக் கடையை மனத்தில் வைத்துப் போட்டவை. கழிப்பறை இருக்காது. அங்கே சில்லறை வியாபாரம் நடக்காது என்று ஒப்புக்கொண்டு, இடைச்சுவர்களை எடுத்துவிட்டுப் பெரிய கூடங்களாக்குங்கள். கணக்குத் தணிக்கை அலுவலகம், டேட்டா என்ட்ரி, ஆன்லைன் விற்பனைக்குப் பொட்டலம் கட்டும் வேலை, போட்டித் தேர்வுப் பயிற்சி, தையல் பயிற்சி ஆகியவற்றுக்குக் கூடம் வேண்டும், கூட்டம் வேண்டாம். தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்திருக்கிறது. அங்கே போகும் நிறுவனங்களின் சிறு கிளை ஒன்று பேருந்து நிலைய மாடிக்கு வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. வாடகையைக் குறைக்கவும் கட்டடத்தை மாற்றவும் மேலிட ஒப்புதல் வேண்டியிருக்கும். எத்தனை முறை ஏலம் விட்டும் யாரும் வரவில்லை என்ற ஆவணத்தோடு ஆணையரை முன்மொழிவு அனுப்பச் சொல்லுங்கள்.

பெண்களுக்காக ஒரு வார்த்தை. இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு எந்தத் தொழில் வந்தாலும் அதில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கலாம். மாலை ஷிப்ட் முடிந்து அவர்கள் நடந்துவரும் சாலையில் விளக்கு எரிகிறதா, பேருந்து அந்த நேரத்துக்கு இருக்கிறதா, சுத்தமான கழிப்பறை உண்டா, கைக்குழந்தையை விட இடம் உண்டா என்பதை ஒரு பெண் உறுப்பினராக நீங்கள் கேட்டால்தான் கேட்டதாக இருக்கும்.

மானியத் திட்டங்களை விரிவாகச் சொல்லவில்லை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35 சதவீத மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் போன்றவற்றின் இன்றைய நிலவரத்தைத் தொழில் மையத்தில் கேட்டறியுங்கள். ஆனால் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் ஓர் அரிய வசதியைக் குறிப்பிட வேண்டும். தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி வளர்ந்தது. அங்கே தொழில் ஊக்குவிப்பு மையம் இருக்கிறது. இயந்திரம் வாங்கும் முன்பே சிறிய அளவில் பொருளைத் தயாரித்துப் பார்க்கலாம், தரப் பரிசோதனை செய்யலாம். பாரம்பரிய நெல்லில் அவல், தேங்காய்ப் பாலில் பொடி, சிறுதானிய மாவு என்று யோசிக்கும் மகளிர் குழுவை நகராட்சி வண்டியிலேயே ஒரு நாள் அங்கே கூட்டிப்போங்கள்.

தீர்மானத்தில் கார் ஆலையை விட்டுவிட்டு, தொழில் நடத்துபவர்களை நேரில் சந்திக்க எல்லாக் கட்சி உறுப்பினர்களும் கொண்ட ஒரு குழு, அனுமதிகளின் மாதாந்திரக் கணக்கு, மாடிக் கடைகளை மாற்றும் முன்மொழிவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அந்தச் சந்திப்புகளை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை வந்துவிட்டால் அரிசி ஆலைக்காரர்கள் நின்று பேச மாட்டார்கள். மழைக்காலத்தில் போனால் எந்தச் சந்தில் லாரி சிக்குகிறது, எந்த வடிகால் எதிர்த்துப் பொங்குகிறது என்பதையும் ஆணையரையும் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே பார்த்துவிடலாம்.